அந்த ஆறு டெசிபெல்லை விட்டுவிடுங்கள்: மட்டக்களப்பு, அம்பாறை ஒலிப்பதிவுக்கூடங்களுக்கு ஒரு திறந்த மடல்

வாழைச்சேனை தொடங்கிப் பொத்துவில் வரைக்கும் ஒலிப்பதிவுக்கூடம் நடத்துகிறவர்களுக்கும், கிட்டாரும் ட்ரம்ஸும் சுமந்துகொண்டு அங்கே பாட்டுப் பதிய வருகிற இளைஞர்களுக்கும் வணக்கம், ஸலாம்.

மிக்ஸிங், அதாவது தனித்தனியாகப் பதிந்த தடங்களை ஒரே பாட்டாகக் கலக்கும் வேலை, முடிகிற நேரத்தில் என்ன நடக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். கதிரைக்குப் பின்னால் நிற்பவர் சொல்வார்: "இன்னும் கொஞ்சம் ஏத்தி விடுங்க தம்பி, மற்றப் பாட்டோட வெச்சுப் பார்க்கக்குள்ள சத்தம் காணாது." லிமிட்டரை, அதாவது உச்சங்களை அமுக்கிப் பாட்டு முழுவதையும் சத்தமாக்கும் கருவியை, இன்னும் ஆறு டெசிபெல் இறுக்குவீர்கள். திரையில் மேடும் பள்ளமுமாக இருந்த அலை, கத்தரித்த பூவரசம் வேலி மாதிரித் தலை சமமாகிவிடும். எல்லோருக்கும் திருப்தி. பாட்டு அன்று இரவே யூடியூபுக்குப் போய்விடும்.

அந்த ஆறு டெசிபெல்லை விட்டுவிடும்படி கேட்கத்தான் இந்த மடல்.

நம் பதிவுகள் சோர்ந்து ஒலிப்பதற்குக் காசில்லாமைதான் காரணம் என்ற எண்ணம் இங்கே ஊறிப்போயிருக்கிறது. ரொக் இசையைக் கொஞ்சம் கவனித்துக் கேட்டவர்கள் அதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். உலகத்திலேயே வசதியான குழுக்கள், நினைத்த ஸ்டூடியோவை நினைத்த நேரம் எடுக்கக்கூடியவர்கள், தங்களுடைய நல்ல பாட்டுகளைத் தாங்களே இப்படி இறுக்கி நசுக்கியிருக்கிறார்கள். மெட்டாலிக்கா என்ற அமெரிக்கக் குழுவின் 2008ஆம் ஆண்டு அல்பமான 'டெத் மக்னெட்டிக்' அதற்குப் பெரிய சாட்சி. பல வருடங்களுக்குப் பிறகு அந்தக் குழு உயிரோடு வாசித்த பாட்டுகள் அவை. ஆனால் இறுவட்டில் ட்ரம்ஸ் அடிக்கும் இடமெல்லாம் கரகரப்பு. அதே பாட்டுகள் அதே காலத்தில் 'கிட்டார் ஹீரோ' என்ற கணினி விளையாட்டிலும் வெளிவந்தன. விளையாட்டுக்காகக் கொடுத்த தனித்தனித் தடங்கள் கடைசி நசுக்கலுக்கு உள்ளாகாதவை. இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கேட்ட ரசிகர்கள், விளையாட்டில் வந்ததுதான் நல்ல பதிவு என்று கண்டுபிடித்தார்கள். மறுபடி மிக்ஸ் செய்யச் சொல்லி ஆயிரக்கணக்கானோர் கையெழுத்து வைத்தார்கள். மாஸ்டரிங் என்ற கடைசி மெருகூட்டலைச் செய்த டெட் ஜென்சன், தன் கைக்கு வந்தபோதே அது நசுங்கித்தான் வந்தது என்று சொன்னார். கடைசியில் இருப்பவர் காப்பாற்றுவார் என்று யாரும் நம்பியிருக்க முடியாது.

ஏன் இப்படி ஆகிறது? டிஜிட்டல் பதிவுக்கு ஒரு கூரை உண்டு. பூச்சியம் டெசிபெல் என்று மீட்டர் காட்டுவது அதைத்தான். அதற்கு மேலே எண்ணே இல்லை. ஸ்னேர் ட்ரம்மில் குச்சி விழுந்த முதல் சில மில்லிசெக்கனில் எழும் கூர், பாட்டின் சராசரிச் சத்தத்தை விடப் பத்துப் பதினைந்து டெசிபெல் உயரத்தில் நிற்கும். அந்தக் கூர்தான் அடியை அடியாகக் காதுக்குச் சொல்கிறது. சராசரியை ஏற்ற வேண்டுமென்றால் அந்தக் கூர்முனையை வெட்டியாக வேண்டும். வெட்டினால் ஸ்னேர், கிட்டாரின் உயரத்துக்கே வந்து அதற்குள் அமிழ்ந்துவிடும். இன்னும் இறுக்கினால் அலையின் தலை தட்டையாகி, பாட்டில் இல்லாத புதிய ஒலிகள் பிறக்கும். கரகரப்பு என்று கேட்பது அவற்றைத்தான். ரெட் ஹொட் சிலி பெப்பர்ஸின் 'கலிஃபோர்னிகேஷன்' 1999இல் வந்தபோது, அழகான மெல்லிய கிட்டார் வாசிப்புக்கு மேலேகூட அந்தக் கரகரப்பு படிந்திருந்தது.

இப்போது இந்த நசுக்கலால் கிடைக்கும் இலாபமும் போய்விட்டது. ஸ்பொட்டிஃபை தன்னிடம் வரும் பாட்டுகளைச் சராசரியாக கழித்தல் 14 எல்யூஎஃப்எஸ் அளவுக்குக் கொண்டுவந்துதான் ஒலிக்கவிடுகிறது. எல்யூஎஃப்எஸ் என்பது காதுக்குப் படும் சத்தத்தின் அலகு, எண் பூச்சியத்தை நெருங்க நெருங்கச் சத்தம் கூடும். யூடியூபும் ஏறத்தாழ அதே அளவுக்கு, கூடினதைக் குறைக்கிறது. நீங்கள் கழித்தல் 8இல் கொடுத்தால் அவர்கள் ஆறு டெசிபெல் இறக்குவார்கள். கூர் வெட்டுப்பட்டதுதான் மிச்சம். பக்கத்தில் கழித்தல் 13இல் கொடுத்தவரின் ட்ரம்ஸ் முழுக் கூரோடு துள்ளிக்கொண்டு வரும், உங்களுடையது அதே சத்தத்தில் தட்டையாகக் கிடக்கும். நம்பாவிட்டால் உங்கள் பாட்டை யூடியூபில் கணினியில் ஓடவிட்டு, படத்தின் மேல் வலது சொடுக்குப் போட்டு 'ஸ்டாட்ஸ் ஃபோர் நேர்ட்ஸ்' என்பதைத் திறந்து பாருங்கள். எத்தனை டெசிபெல் கூடுதலாக வந்தது என்று அங்கே எழுதியிருக்கும்.

ரொக் பாட்டுக்குக் கழித்தல் 14ஐக் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கச் சொல்லவில்லை. கழித்தல் 12, கழித்தல் 11 அளவில் விட்டால் பாரமும் இருக்கும், மூச்சும் இருக்கும். லிமிட்டரின் ஊசி மிகப் பலத்த அடியில்கூட இரண்டு மூன்று டெசிபெல்லுக்கு மேல் அசையக் கூடாது. கடைசி உச்சத்தைப் பூச்சியத்தில் நிறுத்தாமல் கழித்தல் 1இல் நிறுத்துங்கள். எம்பி3 ஆக மாற்றும்போது அலை கொஞ்சம் எகிறும், அதற்கு இடம் வேண்டும். பாட்டுக்காரர் கேட்டுக்கொண்டு நின்றால் வாதாட வேண்டாம். நசுக்கியதையும் நசுக்காததையும் எடுத்து, நசுக்கியதன் சத்தத்தைக் குறைத்து, இரண்டும் காதுக்கு ஒரே சத்தமாக வருமட்டும் ஒழுங்குபடுத்துங்கள். எது எது என்று சொல்லாமல் மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டுங்கள். அநேகர் நசுக்காததைத்தான் காட்டுவார்கள். சத்தம் கூடியது நல்லதாகக் கேட்பது மனிதக் காதின் இயல்பு. அந்த வித்தியாசத்தை எடுத்துவிட்டால் காது நேர்மையாகிவிடும்.

இனி பேஸ் கிட்டார், பாட்டின் அடிச் சுரங்களை வாசிக்கும் கிட்டார். நம் பக்கப் பதிவுகளில் அதிகம் தொலைந்துபோவது இதுதான். தொலைப்பது பெரும்பாலும் அறை.

மெட்டாலிக்காவின் 1988ஆம் ஆண்டு அல்பமான '…அண்ட் ஜஸ்டிஸ் ஃபோர் ஓல்' கேட்டவர்கள் அறிவார்கள்: ஜேசன் நியூஸ்டெட் வாசித்த பேஸ் அதில் கிட்டத்தட்டக் கேட்காது. கிளிஃப் பேர்ட்டன் 1986இல் பஸ் விபத்தில் இறந்த பிறகு அவரிடத்துக்கு வந்தவர் இவர். மிக்ஸிங் செய்தவர்களில் ஒருவரான ஸ்டீவ் தொம்சன், பேஸைக் குறைக்கச் சொன்னது ட்ரம்மர் லார்ஸ் உல்ரிச் என்று பின்னர் சொல்லியிருக்கிறார். அது மட்டும் காரணமல்ல. கிட்டார் ஒலியின் நடுப்பகுதியைத் தோண்டி எடுத்துவிட்டு அடி ஒலியையும் உச்ச ஒலியையும் ஏற்றியிருந்ததால், பேஸ் உட்கார வேண்டிய இடத்தில் கிட்டார் உட்கார்ந்திருந்தது. பேஸும் அதே மெட்டையே கிட்டாரோடு ஒட்டி வாசித்தது. போதாததற்கு, மேடை நிகழ்ச்சிகளுக்கும் மிக்ஸிங்குக்குமாக அலைந்த களைத்த காதுகளோடு முடிவெடுத்தார்கள். அவ்வளவு நுணுக்கமான இசை, அடித்தளம் இல்லாத கட்டடம் போல நிற்கிறது.

நம் ஊரில் இதே விளைவு வேறு வழியால் வருகிறது. வீட்டில் ஒரு அறையை ஸ்டூடியோ ஆக்குவோம். அநேகமாக அது 10 அடிக்கு 10 அடி, உயரமும் பத்தடிக்குக் கிட்ட, கொங்கிரீட் தட்டு, கல் சுவர், டைல்ஸ் தரை. ஒலிக்கு இதைவிடக் கெட்ட வடிவம் இல்லை. நம் வெப்பத்தில் ஒலி செக்கனுக்கு 349 மீற்றர் அளவில் ஓடுகிறது. எதிரெதிர்ச் சுவர்கள் 10 அடி தூரத்தில் இருந்தால் 57 ஹேர்ட்ஸ் அளவில் ஒரு அதிர்வு அறைக்குள் மாட்டிக்கொள்ளும். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒன்றென்றால் மூன்று அதிர்வும் ஒரே இடத்தில் குவியும். பேஸ் கிட்டாரின் மூன்றாம் கம்பியைக் கட்டை எதுவும் அழுத்தாமல் மீட்டினால் 55 ஹேர்ட்ஸ், முதல் கட்டையை அழுத்தினால் 58. அந்த இரண்டு சுரமும் சுவரோரம் இடி மாதிரிக் கேட்கும், மற்றச் சுரங்கள் சாதாரணமாக இருக்கும். பேஸ் கூடிவிட்டது என்று நினைத்துப் பொதுவாகக் குறைப்பீர்கள். வெளியே போனதும் பாட்டில் பேஸே இராது. அறையின் நட்டநடுவில் கதிரையைப் போட்டிருந்தால் கதை தலைகீழ்: அங்கே அந்த அதிர்வு கேட்கவே கேட்காது, காணாது காணாதென்று ஏற்றிக்கொண்டே போவீர்கள். பிறகு காரில் போட்டால் கதவு அதிரும்.

ஆகவே முதலில் கதிரையை நகர்த்துங்கள், இதற்குக் காசு வேண்டாம். முகம் பார்க்கும் சுவரிலிருந்து அறை நீளத்தின் 38 சதவீதம், அதாவது பத்தடி அறையில் நாலடிக்குச் சற்றுக் குறைவாகத் தலை இருக்கட்டும். ஸ்பீக்கர் இரண்டும் தலையும் சம முக்கோணமாக, மூன்றடி மூன்றடியாக. பிறகு பேஸ் கிட்டாரில் அடிச் சுரத்திலிருந்து ஒவ்வொரு கட்டையாக ஒரே பலத்தில் வாசித்துப் பதிந்து போட்டுக் கேளுங்கள். எது இடிக்கிறது, எது மறைகிறது என்று ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். மிக்ஸ் செய்யும்போது அந்தத் தாள் உங்கள் காதுக்குத் துணை.

முட்டைத் தட்டுகளைக் கழற்றிவிடுங்கள். சுவர் முழுக்க ஒட்டினாலும் அவை மேல் ஒலியில் கொஞ்சத்தை மட்டும் உறிஞ்சும், அடி ஒலி தொட்டதும் தெரியாமல் போகும். அறை மந்தமாகும், இடி அப்படியே நிற்கும். தீப்பிடித்தால் அணைக்கவும் நேரம் கிடைக்காது. அடி ஒலிக்குத் தடிப்பு வேண்டும், மூலைகள் வேண்டும். நான்கு மூலையிலும் தரையிலிருந்து கொங்கிரீட் தட்டு வரை, இரண்டடி அகலத்துக்கு ரொக்வூல் என்ற பாறைப் பஞ்சை அடுக்குவது நல்லது. விலை கட்டுப்படியாகாவிட்டால் பழைய இலவம் பஞ்சு மெத்தைகளை மடித்து மூலையில் நிறுத்தினாலும் ஒன்றுமில்லாததற்கு நிறைய மேல். அவையும் எரியக்கூடியவை, மின்கம்பி பக்கத்தில் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பக்கச் சுவர்களுக்கு 4 அங்குலத் தடிப்பில் 2 அடிக்கு 4 அடிச் சட்டங்கள் போதும். எங்கே மாட்டுவது என்று அறிய, நீங்கள் கதிரையில் இருக்க இன்னொருவர் முகம் பார்க்கும் கண்ணாடியைச் சுவரோடு நகர்த்தட்டும். கண்ணாடியில் ஸ்பீக்கர் தெரிகிற இடம்தான் இடம். சட்டத்துக்கு உறையாக மருதமுனைக் கைத்தறித் துணி அழகாகவும் இருக்கும். வாயை வைத்து ஊதினால் காற்று அந்தப் பக்கம் போகிற துணியாகப் பார்த்து எடுங்கள், இறுக்கமான நெசவு ஒலியைத் திருப்பி அனுப்பிவிடும்.

பேஸுக்கு இன்னொரு இடைஞ்சல், கேட்கிறவரின் கைபேசி. அந்தச் சிறிய ஸ்பீக்கர் 200, 300 ஹேர்ட்ஸுக்குக் கீழே எதையும் உருப்படியாகச் சொல்லாது. நீங்கள் 60இல் எவ்வளவு ஏற்றினாலும் அங்கே பயனில்லை. பேஸ் தடத்தைப் பிரதி எடுத்து, பிரதியில் 250க்குக் கீழே வெட்டி, இலேசாக டிஸ்டோர்ஷன் (கரகரப்பு) ஏற்றி, மூலத்தோடு கொஞ்சமாகக் கலந்துவிடுங்கள். மேலெழும் கிளை ஒலிகளைக் கேட்டே மூளை அடிச் சுரத்தை ஊகித்துக்கொள்ளும். கிட்டாரில் 90, 100 ஹேர்ட்ஸுக்குக் கீழே இருப்பதை எடுத்துவிட்டால் பேஸுக்கு வீடும் கிடைக்கும்.

காதைப் பற்றியும் சொல்ல வேண்டும். கோயில் திருவிழா மேடையில் வாசித்துவிட்டு வந்த இரவில் மிக்ஸ் செய்ய வேண்டாம், ஒரு நாளாவது போகட்டும். பக்கத்தில் இருப்பவரோடு குரல் உயர்த்தாமல் பேசக்கூடிய சத்தத்தில் கேட்டு வேலை செய்யுங்கள். முக்கால் மணிக்கு ஒருமுறை எழுந்து வெளியே போய்ப் பத்து நிமிடம் நில்லுங்கள்.

பதியும்போது செய்ய வேண்டியவை சுருக்கமாக: 24 பிட்டில் பதிந்தால் மீட்டரின் சிவப்புக்குப் பக்கத்தில் போகவே தேவையில்லை, உச்சம் கழித்தல் 10இல் நின்றால் தாராளம். பாடகர் ஒத்திகையில் பாடுவதை விட உண்மைப் பதிவில் பலமாகப் பாடுவார், ஆகவே ஒத்திகையில் பார்த்த அளவிலிருந்து ஆறு டெசிபெல் குறைத்து வையுங்கள். மடிக்கணினியின் சார்ஜரால் இரைச்சல் வந்தால் பாட்டு எடுக்கும் நேரம் பற்றரியில் ஓடவிடுங்கள். இரைச்சலுக்காக எர்த் முள்ளை வெட்டுவது உயிராபத்து, அதைச் செய்யவே வேண்டாம். எர்த் சரியில்லையென்றால் மின்வேலைக்காரரைக் கூப்பிட்டு எர்த் கம்பி இறக்குங்கள். கடற்கரைக் காற்றில் கொண்டென்சர் மைக்கின் தகட்டில் ஈரம் படிந்து வெடிக்கிற மாதிரிச் சத்தம் வரும். வேலை முடிந்ததும் சிலிக்கா ஜெல் போட்ட இறுக்கமான பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். ஈரம் என்றதும் நினைவுக்கு வருவது ரோலிங் ஸ்டோன்ஸ் 1971இல் தெற்குப் பிரான்சில் ஒரு வீட்டின் நிலவறையில் பதிந்த பாட்டுகள். புழுக்கத்தில் கிட்டார்கள் சுருதி விலகிக்கொண்டே இருந்த அந்தப் பதிவு 'எக்ஸைல் ஓன் மெயின் ஸ்ட்ரீட்' ஆக வெளிவந்தது. கலங்கல்தான், ஆனால் எங்கள் காதுக்கு அது குறையாகப் படவில்லை, ஏனென்றால் அந்தக் கலங்கலுக்குள் ஒவ்வொரு வாத்தியமும் அசைகிறது. அழுக்கு வேறு, நசுக்கல் வேறு.

மத்தளத்தையும் சல்லாரி என்ற கைத்தாளத்தையும் எலெக்ட்ரிக் கிட்டாரோடு சேர்க்க ஆசைப்படுகிறவர்கள் இங்கே இருக்கிறார்கள், அது நடக்க வேண்டும். வடமோடிக் கூத்தின் அடி ரொக்குக்குப் பொருந்தாத அடியல்ல. மத்தளத்துக்கு இரு முகத்துக்கும் இரண்டு மைக் வைத்தால், இரண்டையும் மொனோவில் ஒன்றாகச் சேர்த்துக் கேட்டு, ஒன்றின் அலையைத் தலைகீழாக்கும் பொலாரிட்டி பொத்தானை அழுத்திப் பாருங்கள். எந்த நிலையில் அடி ஒலி கனக்கிறதோ அதில் விடுங்கள். கவனிக்காமல் விட்டால் இரண்டு மைக்கும் ஒன்றையொன்று தின்று, மத்தளம் தகரம் தட்டினது போலாகும். சல்லாரிக்காரரை மைக்கிலிருந்து ஆறேழு அடி தள்ளி நிறுத்துங்கள். அதன் கூர் ஒலி பாட்டின் மெய்யெழுத்துகள் இருக்கும் இடத்திலேயே விழுகிறது. கிட்ட வைத்துப் பதிந்துவிட்டால் கவியின் சொல் விளங்காது. ஸ்னேரைப் பதியுமுன் அடியிலுள்ள கம்பிகள் இறுக்கியிருக்கின்றனவா என்றும் பாருங்கள். 2003இல் வந்த மெட்டாலிக்காவின் 'செயின்ட் ஆங்கர்' முழுவதும் அந்தக் கம்பிகளைத் தளர்த்திவிட்டு அடித்த ஸ்னேர் வாளி தட்டுவதுபோல ஒலித்தது. விரும்பியே வைத்தார்கள், இருந்தும் கேட்டவர்களில் பலருக்கு அந்த ஒலியைத் தாண்டிப் பாட்டுக்குள் போக முடியவில்லை.

கடைசியாகக் கேட்பது, இவை எல்லாவற்றிலும் நாங்கள் பெரிதாக நினைப்பது: தடங்களை அழிக்க வேண்டாம்.

கெட்டுப்போன அல்பங்களில் சில திருந்தி வந்திருக்கின்றன. ரஷ் குழுவின் 'வேப்பர் ட்ரெய்ல்ஸ்' 2002இல் கரகரப்போடு வந்தது, 2013இல் டேவிட் பொட்ரில் புதிதாக மிக்ஸ் செய்தபோது சுவர்போல் இருந்த ஒலிக்குள்ளிருந்து தனித்தனி வாத்தியங்கள் எழுந்து வந்தன. ரீப்ளேஸ்மென்ட்ஸின் 'டிம்' 1985இல் எங்கோ தூரத்தில் வாசிப்பதுபோல் எதிரொலிக்குள் புதைந்து வந்தது. எட் ஸ்டேசியம் செய்த புது மிக்ஸ் 2023இல் வெளிவந்தபோது, முப்பத்தெட்டு வருடமாகக் கேட்டுப் பழகியவர்களே அந்த ட்ரம்ஸை முதன்முதலாகக் கேட்டார்கள். இரண்டுக்கும் தனித்தனித் தடங்கள் பத்திரமாக இருந்தன. ஸ்டூஜஸின் 1973ஆம் ஆண்டு 'ரோ பவர்' பாடு வேறு. மிக்ஸ் செய்ய எடுத்த டேவிட் போவி, 24 தடமுள்ள நாடாவில் மூன்றே தடத்தில்தான் ஒலி இருந்தது, ஒன்றில் குழு முழுவதும், ஒன்றில் கிட்டார், ஒன்றில் குரல் என்று பின்னர் சொன்னார். மெலிந்த மிக்ஸ் வந்தது. 1997இல் பாடகர் இகி பொப் தானே மறுபடி செய்தபோது மறு கரைக்குப் போய், எல்லாவற்றையும் சிவப்புக்கு ஏற்றி நசுக்கிவிட்டார். ரசிகர்கள் இன்றைக்கும் இரண்டுக்கும் நடுவில் நின்று வாதாடுகிறார்கள்.

இங்கே பாட்டு முடிந்ததும் பாட்டுக்காரருக்குக் கிடைப்பது ஒரு எம்பி3. தனித்தனித் தடங்கள் உள்ள புரொஜெக்ட் ஸ்டூடியோக் கணினியில் கிடக்கும், ஹார்ட் டிஸ்க் நிரம்பியதும் அழியும். "மறுகா எடுப்பம்", பிறகு எடுப்போம் என்று விட்டது மறுபடி கிடைப்பதில்லை. அடுத்த பதிவிலிருந்து ஒவ்வொரு தடத்தையும் எஃபெக்ட் ஏதுமில்லாமல், பாட்டின் பூச்சியம் செக்கனிலிருந்தே தொடங்கி, 24 பிட் 48 கிலோஹேர்ட்ஸ் வேவ் கோப்பாக எடுத்துக் கொடுங்கள். பூச்சியத்திலிருந்து தொடங்கினால் எந்த மென்பொருளில் போட்டாலும் தானாகச் சேர்ந்து நிற்கும். கோப்பின் பெயரில் வாத்தியத்தின் பெயர் இருக்கட்டும், கூடவே பாட்டின் வேகமும் சுருதியும் எழுதிய ஒரு குறிப்பு. நாலு நிமிடப் பாட்டில் ஒரு மொனோத் தடம் 35 மெகாபைட் அளவு வரும். இருபது தடத்துக்கு 700, பத்துப் பாட்டுக்கு ஏழு கிகாபைட். ஒரு 16 கிகாபைட் பென் டிரைவுக்குள் அல்பம் முழுவதும் அடங்கிவிடும். பாட்டுக்காரர்கள் இதைப் பேசும்போதே கேட்டு, கூலிக்குள் சேர்த்துக்கொள்ளுங்கள். எடுத்துக் கொடுக்கிறவருக்கு அரை நாள் வேலை, அதற்குக் கூலி கொடுப்பது நியாயம்.

பிரதி இரண்டாக இருக்கட்டும், இரண்டும் ஒரே வீட்டில் இருக்க வேண்டாம். 2004 டிசம்பர் 26இல் கல்லடியிலும் நாவலடியிலும் மருதமுனையிலும் கடல் வந்த வீடுகளில் கசெட்டும் நாடாவும் மிஞ்சவில்லை. ஒன்று எழுவான்கரையில் இருந்தால் மற்றது வாவிக்கு அப்பால் படுவான்கரையில் உறவுக்காரர் யாரிடமாவது இருக்கட்டும், அம்பாறைப் பக்கத்தார் கரையிலிருந்து உள்ளே தள்ளி ஒரு வீட்டில் வைக்கட்டும். ஈரம் ஏறாத டப்பாவில், மேல் தட்டில், வருடத்துக்கு ஒருமுறை திறந்து பார்த்துப் புதிதாகப் பிரதி எடுத்து.

அன்புடன்,
கிழக்கில் பாட்டுப் பதிகிற, பாட்டுக் கேட்கிற சிலர்